ஏழாம் எண்ணிலிருந்து பதில்

திரையை நகத்தால் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் அக்கா வேலையைத் தொடங்குவார். கணினித் திரைக்குள் நிற்கும் கைபேசியின் படத்தை, அதன் நெற்றிப் பக்கமாக, டொக் டொக் டொக். அது தட்டினால் தெரிந்துகொள்ளும் பொருளல்ல. கைபேசியே அல்ல, கணினிக்குள் இருந்துகொண்டு கைபேசியைப் போல நடிக்கும் ஒரு நிரல். உலகம் அதை எமுலேட்டர் என்கிறது. அக்கா பொய்ப்போன் என்பார். "முழிச்சுக்கிட்டியா?" என்று அதனிடமே கேட்பார். அது முழித்துக்கொண்டால் மணி ஒன்பது ஐந்து என்று பொருள்.

வயது ஐம்பத்தொன்று. மூக்குக்கண்ணாடி இரண்டு: ஒன்று தலைமேல், ஒன்று கழுத்துச் சங்கிலியில். மூக்கில் தேவைப்படும் நேரத்தில் இரண்டுமே இருக்குமிடம் அவருக்குத் தெரியாது. பிறர் செய்து கொடுத்த செயலியைத் தட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் தொழில். "குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளம் குடுத்து வெச்ச மாமியார் நான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் மேசைமேல் ஒரு பிழைப் பட்டியல் கிடக்கும்.

பொய்ப்போனைப் பக்கவாட்டில் திருப்பினால் அக்காவின் தலையும் அதே பக்கம் சாயும். செயலி ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர நகர, முதுகு நாற்காலியை விட்டு முன்னால் வரும். கோடு நின்றால் மூச்சும் நிற்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து மூன்று வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் காட்டினேன். "அது தனியாப் போகுது தம்பி, பாவம். கூடக் கொஞ்ச தூரம் போனா நமக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்றார்.

எங்கள் நிறுவனம் செய்வது தனியாக வாழ்கிற நோயாளிகளுக்கான செயலி. கவனித்துக்கொள்கிறவரின் கைபேசியிலிருந்து கேள்வி போகும். நோயாளியின் கைபேசியிலிருந்து பதில் வரும். வேளாவேளைக்கு மருந்து சாப்பிட்டாரா என்பது பதிவாகும். பல மொழிகளில் உண்டு. தமிழ்ப் பதிப்பைச் சோதிப்பது அக்கா. அதற்கான வழிகாட்டிக் குறிப்புகளை எழுதுவது நான். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவன். வேலை போனால் விசா போகும், விசா போனால் மனைவியும் மகளும் மூட்டை கட்ட வேண்டும். ஆகையால் ஒரு மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் நான்கு தரம் படிப்பவன். அக்காவும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்தான். அந்தப் பயத்தை அவர் வரும் வழியிலேயே இறக்கிவைத்துவிட்டார் போல.

ஒன்பது ஐந்துக்குக் குளிப்பாட்டு. அதாவது, பொய்ப்போனின் நினைவில் இருக்கும் நேற்றைய அத்தனையையும் துடைத்து வெறுமையாக்குவது. "நேத்து அழுக்கோட இன்னைக்கு வேலைக்கு வரக்கூடாது" என்பார். பிறகு அன்றைய செயலியை ஏற்றுவார். ஒன்பது பத்துக்கு, சோதனைக்கென்று வைத்திருக்கும் கவனிப்பாளர் கணக்கிலிருந்து ஏழாம் எண் நோயாளிக்கு ஒரு கேள்வி: "மாத்திரை போட்டாச்சா?" ஏழாம் எண் என்பது சோதனை சர்வரில் உட்கார்ந்து தானாகப் பதில் சொல்லும் ஒரு பொம்மைக் கணக்கு. அது "போட்டாச்சு" என்று பதில் அனுப்பும். அக்கா கோடு போட்ட நோட்டில் நேரத்தைக் குறித்து, பச்சை மையில் ஒரு டிக் போடுவார். விடுமுறை நாளிலும் இதற்கென்றே வந்து, முடித்துவிட்டுப் போவார். இந்த நேர ஒழுங்குக்காகவே அலுவலகத்தில் அவருக்கு 'ஒன்பது பத்து' என்று பெயர்.

வாரம் ஒருமுறை கேள்வியை நீட்டிப் பார்ப்பார். நீண்ட வாக்கியம் திரையில் சரியாக மடிகிறதா என்று தெரிய வேண்டுமே. "மாத்திரை போட்டாச்சா? வெறும் வயித்துல போடாதீங்க, ரெண்டு வாயாவது சாப்ட்டுப் போடுங்க, குளிருது, சன்னல மூடி வெச்சுக்கோங்க" என்று போகும். எழுத்துரு மாறிய அன்று ஙா, ஞெ, கௌ என்று வாயில் வராத எழுத்துகளாக ஒரு பக்கம் அனுப்பினார். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது: "போட்டாச்சு."

ஏழாம் எண்மேல் அக்கா எழுதிய பிழை அறிக்கைகள் எங்கள் அலுவலகத்தில் பிரசித்தம். ஒன்று, பதில் தாமதம்: சில நாள் நாற்பது நொடி, சில நாள் மூன்று நிமிடம். இன்னொன்றை நான் மனப்பாடமாகச் சொல்வேன். 'எதிர்பார்த்த பதில்: போட்டாச்சு. வந்த பதில்: போட்டாச்சும்மா.' புரோகிராமர் பெண் அதைப் படித்துவிட்டு, "சர்வருக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு, விடுங்கக்கா" என்று மூடிவிட்டாள். மூன்றாவது, ஒன்பது ஒன்பதுக்கே, கேள்வி போவதற்கு முன்னால், பதில் வந்து நின்ற நாள். வேறு யாரோ அதே கணக்கில் சோதித்திருப்பார்கள் என்று அதற்கும் சமாதானம் சொன்னார்கள். அக்கா மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பில் எழுதி வைத்துக்கொண்டார். "தீராத வழக்கு" என்று அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு.

போன திங்கட்கிழமை பொய்ப்போன் முழித்துக்கொண்டது. ஆனால் அதற்கு இணையம் கிடைக்கவில்லை. அக்காவின் கணினியில் இணையம் ஓடுகிறது. மற்றவர்களின் எமுலேட்டர்களிலும் ஓடுகிறது. இவருடையதில் மட்டும் 'இணைப்பு இல்லை' என்று சாம்பல் நிறத்தில் ஓர் அறிவிப்பு.

அக்காவிடம் இதற்கொரு வரிசை உண்டு. "சாவி தொலைஞ்சா முதல்ல நம்ம பையத் தேடணும். தெருவத் தோண்டறது அப்பறம்." முதலில் விமானக் குறி தப்பித்தவறி எரிகிறதா என்று பார்த்தார். இல்லை. அணைத்து, முழுதாக முதலிலிருந்து எழுப்பினார். தேதியையும் மணியையும் பார்த்தார். அவை தவறினாலும் சர்வர்கள் முகம் திருப்பிக்கொள்ளும். சரியாக இருந்தன. இடையில் வேறெந்த வழியாகவாவது சுற்றிப் போகச் சொல்லி அமைப்பு இருக்கிறதா என்று தேடினார். இல்லை. திங்கள் போயிற்று. செவ்வாயன்று எமுலேட்டரையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினார். அதே சாம்பல் அறிவிப்பு. நோட்டில் இரண்டு நாளுக்கும் டிக் இல்லை. மூன்று வருடத்தில் அப்படி இரண்டு வெற்றுக் கட்டங்களை நான் பார்த்ததில்லை. செவ்வாய் மாலை வீட்டுக்குப் போகும்போதுகூடத் திரையைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

புதனன்று நுனி கிடைத்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் பொய்ப்போன் திறக்கவில்லை. அதே தளத்தின் எண்ணைக் கொடுத்தால் திறந்தது. பாதை இருக்கிறது, விலாசம் சொல்கிற ஆள்தான் இல்லை என்று அர்த்தம். இணையத்தில் பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதற்கென்றே கணினிகள் உண்டு. அக்கா தன் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்தெடுத்தார். பொய்ப்போனை எழுப்பும் ஒரு வரிக் கட்டளை அதில் இருந்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்வார். அந்த வரியின் வாலில் ஒரு எண். பழைய கட்டடத்தில் இருந்த காலத்தில் இதே மாதிரி இணைப்பு அறுந்தபோது, இந்த விலாசக் கணினியைக் கேள் என்று வாலில் அதைச் சேர்த்துச் சரிசெய்தவர் அக்காவேதான். அன்றைக்குக் குணம் கண்ட மருந்து. நோய் போன பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கேபிள் போடுவதிலிருந்து எல்லாம் பார்க்கும் வயர்காரரைக் கூப்பிட்டு அந்த எண் யாருடையது என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். ஸ்டோர் ரூமில் தூசி மண்டிக் கிடந்த கிழட்டுப் பெட்டி அது. யாரும் தொடாததால் திங்கள் காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். "யாருமே கேக்கலையேன்னு பாத்தேன். நீங்க ஒருத்தர்தான் இன்னும் அந்தக் கெழவன்கிட்ட வழி கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." அக்காவும் சிரித்தார். வாலை வெட்டினார். பொய்ப்போனுக்கு இணையம் வந்தது. நேரம் மாலையாகிவிட்டதால், சோதனையை நாளைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வைத்தார். ஒன்பது பத்து என்றால் ஒன்பது பத்துதான்.

வியாழக்கிழமை. டொக் டொக் டொக். குளிப்பாட்டு. ஏற்றம். ஒன்பது பத்துக்கு "மாத்திரை போட்டாச்சா?" என்று அனுப்பினார்.

விரல் விசையை விட்டு எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. "போட்டாச்சு."

நான் கைதட்டப் போனேன். அக்கா பச்சைப் பேனாவை மூடியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி அனுப்பினார். கண் இமைக்குமுன் "போட்டாச்சு." மூன்றாம் தரம். அதே. பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது நம்ம ஏழு இல்ல."

வேகமாகிவிட்டது, நல்லதுதானே என்றேன். அக்கா நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நாற்பது நொடி. ஐம்பத்தைந்து. மூன்று நிமிடம். நாற்பத்திரண்டு. பக்கம் பக்கமாக. "மெஷினுக்கு எதுக்கு நாப்பது நொடி?" என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "கண்ணாடியத் தேட நாப்பது நொடி ஆகும். எனக்கே ஆகுது."

நான் வயர்காரரைக் கூப்பிட எழுந்தேன்.

வயர்காரர் பழைய பெட்டியை வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைச் செருகினார். எங்கள் சர்வரின் பெயரை அதனிடம் கேட்டோம். அது ஒரு எண் சொன்னது. அலுவலகத்தின் புதிய விலாசக் கணினியிடம் அதே பெயரைக் கேட்டோம். அது வேறொரு எண் சொன்னது. வயர்காரர் இரண்டையும் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தார். காதுவரை வெளுத்துப்போனார். சோதனை சர்வரைத் தனியாகப் பிரித்த காலத்தில், அலுவலகத்துக்குள்ளிருந்து இந்தப் பெயரைக் கேட்டால் சோதனை சர்வருக்கு வழிகாட்டு என்று புதியதற்குச் சொல்லியிருந்தார்கள். பழையதிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அது இத்தனை நாளும், கேட்ட ஒரே ஆளுக்கு, நிஜ சர்வரின் வழியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நிஜ நோயாளிகளின் சர்வர்.

குழுத் தலைவர் மட்டும்தான் நிஜப் பதிவுகளைத் திறக்கலாம். கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு திறந்தார். ஏழாம் எண்: ஆண், அறுபத்தெட்டு வயது, தனியாக வாழ்கிறார், ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை. நிறுவனம் தொடங்கிய புதிதில், ஒரு மாதம் மட்டும் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கச் சம்மதித்தவர். மாதம் முடிந்ததும் அவரைக் கிளினிக்கின் நர்ஸிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். தினமும் பதிவு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நகலெடுத்த ஏழு சோதனை சர்வரில் பொம்மையாயிற்று. அசல் ஏழு அங்கேயே இருந்தார். கவனிப்பாளர் என்ற இடத்தில் அக்காவின் சோதனைக் கணக்கு இருந்தது.

பதிவு கீழே ஓடியது. ஒன்பது பதினொன்று, போட்டாச்சு. ஒன்பது பதினொன்று, போட்டாச்சு. மூன்று வருடம். பிறகு திங்கள், செவ்வாய், புதன், இன்று: நான்கு வெற்றுக் கட்டம். அவற்றின் பக்கத்தில் மூன்று சிவப்பு எச்சரிக்கைகள். 'நோயாளி மருந்து எடுக்கவில்லை. உடனே கவனிக்கவும்.' மூன்றும் சேர வேண்டிய முகவரி, திங்கள் முதல் இந்த சர்வரோடு இணைப்பே இல்லாமல் கிடந்த அக்காவின் பொய்ப்போன்.

நோயாளிகளை நாங்கள் நேரடியாக அழைக்கக் கூடாது. மேலிடத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். தலைவர் மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். முதல் வரியை அடித்துவிட்டு அழித்தார். மறுபடி அடித்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் கால்கள் என் மேசையை நோக்கித் திரும்பியே இருந்தன. அக்கா தன் சொந்தக் கைபேசியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அக்கா, கூப்பிட்டா உங்க வேலை போயிடும்" என்றார் தலைவர்.

"போனா வீட்ல மாமியார் வேலை பாத்துக்கறேன். நம்பரக் கொஞ்சம் பெருசாக்குங்க, கண்ணு தெரியல."

தலைவர் ஒரு கணம் பார்த்தார். பெருசாக்கினார். அக்கா எண்களை அழுத்திக்கொண்டே, என்னைப் பாராமலே என்னிடம், பதிவில் இருந்த கிளினிக் எண்ணைக் கூப்பிட்டு நர்ஸைப் பிடிக்கச் சொன்னார். என்னிடம் யாரும் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை. கூப்பிட்டேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஒவ்வொரு மணிக்கும் அவர் தலை சிறிது கீழே இறங்கியது. ஏழோ எட்டோ ஆனபிறகு எடுக்கப்பட்டது.

"யாரு?" கரகரத்த ஆண்குரல்.

அக்கா வாயைத் திறந்தார். தன்னை யாரென்று சொல்வது, எங்கிருந்து தொடங்குவது? கடைசியில் வாயில் வந்தது அந்த ஒன்றுதான்.

"மாத்திரை போட்டாச்சா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை. "வந்துட்டீங்களா. நாலு நாளா ஆளக் காணோமே, உங்களுக்குத்தான் உடம்புக்கு என்னமோன்னு இருந்தேம்மா."

எப்படி இருக்கீங்க என்று அவர் மூன்று தரம் செயலியில் எழுதிக் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. அதற்கு முன்பும் ஒருமுறை பயந்திருக்கிறாராம், ஙா, ஞெ என்று வந்த அன்று. பிறகு, வீட்டுக் குழந்தை கையில் போன் சிக்கியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம். ஒருநாள் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்ததால், நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க என்றார். தீராத வழக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. புரோகிராமர் பெண் கதவருகே வந்து நின்றிருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மாத்திரை போட்டீங்களா?" என்றார் அக்கா.

"இல்லம்மா. நீங்கதான் கேக்கலையே."

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். போட்டோமா இல்லையா என்று மறந்து, ஒரே நாளில் இரண்டு மூன்று தரம் போட்டு, ரத்தம் நிற்காமல் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அன்றுமுதல் ஒரு முடிவு. "கீழேருந்து ஆள் குரல் குடுக்காம நான் என்னிக்கும் ஸ்விட்ச்ச தொட்டதில்ல. தொட்டவன் பொழைக்க மாட்டான். அதே மாதிரி, நீங்க கேட்டாப் போடுவேன், இல்லாட்டி டப்பாவத் தொடறதில்ல." அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்தார். அதற்குள் பிளாஸ்டிக் மூடிகள் திறக்கும் ஓசை கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "இப்ப கேட்டுட்டீங்கல்ல. நாலு நாளுதும் அப்படியே இருக்கு. சேத்துப் போட்டுடறேன்."

"கைய எடுங்க." அக்கா கத்தவில்லை. "டப்பாவுலேருந்து கைய எடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

தொழில்காரர். மறு பேச்சில்லை. "எடுத்துட்டேன்" என்றார்.

என் காதில் நர்ஸ் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சொன்னதைக் காகிதத்தில் எழுதி அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்: இன்றையது மட்டும். விட்டுப்போனதைச் சேர்க்கவே கூடாது. ரத்தம் பார்க்க வேண்டும், வண்டி கிளம்பிவிட்டது. அக்கா கண்ணைச் சுருக்கினார், கழுத்தைத் தடவினார். கண்ணாடியைத் தேட நேரமில்லை. தலைமேல் இருந்ததை நானே இழுத்து மூக்கில் இறக்கினேன்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன்."

"வியாழன்னு எழுதியிருக்கற கட்டம். அது மட்டும் தொறந்து இருக்கணும், மத்த மூணையும் மூடுங்க. சத்தம் எனக்குக் கேக்கணும்."

டக். டக். டக். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் விரல் மேசையில் ஒருமுறை இறங்கியது.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நீங்க சொல்லி எத்தன நாளாச்சு. சன்னலக்கூட மூடித்தான் வெச்சிருக்கேன்."

அது வாக்கியம் மடிகிறதா என்று பார்க்க எழுதியது. அக்கா தலையை மட்டும் ஆட்டினார், அவருக்குத் தெரியும் என்பதுபோல. "இப்பப் போடுங்க" என்றார்.

குழாய் திறந்து மூடியது. டம்ளர் எதன்மீதோ இடித்தது. பிறகு மிக அருகில், ஸ்பீக்கரை நிறைத்துக்கொண்டு, ஒருவர் தண்ணீர் குடிக்கும் ஓசை. அக்காவின் கையில் டம்ளர் இல்லை, மாத்திரை இல்லை. கண்ணை மூடி, தலையை அண்ணாந்து, அவரும் விழுங்கினார்.